வர்ணத்திற்கு முந்திய வேலை

"சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதவேண்டும்" என்பது நம் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. உடம்பைப் பேணாது உழைப்பாரை நோக்கியும், முதலைத் தின்று வியாபாரம் நடத்துவாரை நோக்கியும் அதனை நாம் எடுத்தாளுகிறோம். ஆயினும், அப்பழமொழி எந்தத் தொழிலிலே பிறந்ததோ அந்தத் தொழிலிலேயே அதனை இன்று மறந்து வருகிறோம் என்பது எனது அபிப்பிராயம். சுவர் ஒன்று இருந்துவிட்டால் மட்டும் சித்திரம் நில்லாது. சுவருக்கும் சித்திரத்திற்கும் நடுவே கண்ணுக்குத் தோன்றாத தளம் ஒன்று வேண்டும். அத்தளத்தை ஆயத்தஞ் செய்வதற்கு நாளும், பொறுமையும், பொருளின் குணமறிந்த அறிவும் வேண்டும். இக்காலத்தில் நாம் வர்ணத்திற்குக் கூலி கொடுக்கிறோம், தளத்திற்குக் கொடுப்பதில்லை. வர்ணத்தைப் பார்த்துப் புகழ்கிறோம்; தளத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. அதனால் நேரும் நஷ்டம் என்ன, அதற்குப் பரிகாரம் யாது என்பதை நம் கல்லூரி மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், பழைய மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விஷயத்திற்குச் சான்று தேடி நாம் தூரதேசஞ் செல்ல வேண்டுவதில்லை. நம் ஜில்லாவிலே திருநந்திக்கரை என்னுமிடத்தில் பாறையைக் குடைந்து செய்த குகைக்கோயில் ஒன்றுண்டு. அதன் சுவரிலே முன்னொரு காலத்து எழுதப்பட்ட சித்திரங்களின் கோடுகள் இன்றும் மங்கலாகத் தென்படுகின்றன. கேரள முறைச் சுவரோவியங்களுள் மிகப் பழையவற்றோடு வைத்து அறிஞர் அவற்றை எண்ணுவர். தளம் உதிர்ந்த இடமெல்லாம் வெறும் பாறையாகிவிட்டது. தளம் பற்றிநின்ற இடத்தில் மட்டும் சித்திரம் எஞ்சியுள்ளது. தக்கலைக்கு அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையில், மார்த்தாண்ட வர்ம மகாராஜா காலத்தில் 1750-ஆம் ஆண்டளவிலே கட்டப்பெற்ற உப்பரிகை மாளிகையின் மேல்நிலைச் சுவர்களிலே, தெய்வ வடிவங்கள் நிறைந்த சித்திரங்கள் உள்ளன. இரண்டரை நூற்றாண்டுக்கு மேலான மழையும் ஈரக்காற்றும் கண்டும் அவற்றின் செம்மையும் பசுமையும் இன்றளவும் நம் கண்ணைக் கவர்கின்றன. இந்நாட்டில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஆகிய இரண்டும் மழை பொழிவதை நாம் அறிவோம். அத்தகைய நாட்டிலே ஒரு சித்திரம் இத்தனை காலம் நிற்பதென்றால், அதற்குக் காரணம் வர்ணத்தில் மட்டும் இருக்கமுடியாது.

அம்முறைச் சித்திரக்காரர் செய்த வேலையைச் சற்று நோக்குவோம். முதலில் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தைச் சுவரிலே பூசுவர். கடுக்காய் நீரும் வெல்லமும் அச்சாந்திலே சேரும். அதன்மேல் பஞ்சு சேர்த்தரைத்த நேர்த்தியான சாந்து ஒரு படை. இவை உலர்ந்தபின், தெளிந்த சுண்ணாம்பை இளநீரோடு குழைத்து, தூரிகையால் இருபத்தைந்து முப்பது தடவை மெல்ல மெல்லப் பூசுவர். ஒவ்வொரு பூச்சும் உலரக் காத்திருந்தே அடுத்த பூச்சு இடப்படும். இவ்வளவும் முடிந்த பின்னரே முதற்கோடு வரையப்படும். வர்ணங்களைப் பெரும்பாலும் மண்ணிலிருந்தும், செடியிலிருந்தும், விளக்குக் கரியிலிருந்தும் எடுத்து வேப்பம் பிசினோடு கலப்பர். அச்சித்திரங்களிலே வெண்மை என்பது தனியாகப் பூசப்பெறும் வர்ணமன்று. தளத்தின் வெண்மையையே வேண்டுமிடத்தில் விட்டுவைப்பர். ஆகவே, நாம் சித்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம், அறிந்தோ அறியாமலோ தளத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

சுண்ணாம்புத் தளம் வர்ணத்தைத் தாங்குவது எவ்வாறென்பதை ரஸாயனம் பயிலும் மாணவர் எளிதில் உணர்வர். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உட்கொண்டு மீண்டும் கல்லாகிறது. அக்கல்லிலே எண்ணிறந்த நுண்துளைகள் உண்டு. வர்ணமும் பிசினும் அத்துளைகளிலே புகுந்து பற்றிக்கொள்ளுகின்றன. சுருங்கச் சொல்லின், சுண்ணாம்புத் தளம் வர்ணத்தைக் குடிக்கும் இயல்பினது. தஞ்சாவூர்ப் படம் எழுதுவோர் பலகையின்மேல் துணியை ஒட்டி, சுண்ணக்கல் தூளைப் பசையோடு குழைத்துப் பூசித் தேய்ப்பதும் இதற்காகவே. ஐரோப்பாவிலே பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த சென்னினோ சென்னினி என்னும் இத்தாலியச் சித்திரக்காரர், தொழில் கற்பார்க்கென எழுதிய நூலிலே, பலகைமேல் வெண்சாந்தைப் பல படையாக இட்டு வழவழப்பாக்கும் வகையை மிக விரிவாக உரைத்துள்ளார். தேசமும் பாஷையும் வேறாயினும் இத்தொழிலாளர் கண்ட உண்மை ஒன்றேயாம்.

இவ்வுண்மையை மீறியதனால் உலகம் அடைந்த நஷ்டங்களுள் மிகப் பெரியதொன்று நம் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றிலே அச்சுப்படமாகத் தொங்குகிறது. லியனார்டோ டா வின்சி என்னும் மேதை மிலான் நகரத்து மடம் ஒன்றின் போஜனசாலைச் சுவரில் 1495 முதல் 1498 வரை எழுதிய கடைசி இராப்போஜனச் சித்திரத்தையே குறிப்பிடுகின்றேன். ஈரச் சாந்தின்மேல் விரைந்து எழுதும் வழக்கமான முறை அவருடைய மனப்போக்கிற்கு ஒத்துவரவில்லை. நினைத்தபோது எழுதவும், எழுதியதைத் திருத்தவும் அவர் விரும்பினார். ஆதலால் உலர்ந்த சுவரின்மேல் தாமே வகுத்த தளமொன்றை இட்டு, பலகையில் எழுதுவதுபோல எழுதினார். அத்தளம் சுவரோடு ஒன்றவில்லை. சித்திரம் முடிந்து இருபது ஆண்டு செல்வதற்குள், 1517-ஆம் ஆண்டிலேயே அது கெடத் தொடங்கிவிட்டதெனப் பார்த்தவர் ஒருவர் குறித்து வைத்தார். 1943-ஆம் ஆண்டு உலக யுத்தத்திலே அக்கட்டடத்தின்மேல் குண்டு விழுந்தபோது, மணல்மூட்டைகளால் காக்கப்பட்ட அச்சுவர் விழாமல் நின்றது. குண்டுக்குத் தப்பிய அச்சித்திரம் தன் தளத்தின் குற்றத்திற்குத் தப்பவில்லை. 1978-இல் தொடங்கி 1999-இல் முடிந்த செப்பனிடும் வேலை இருபது ஆண்டுக்கு மேல் நடந்தது. அதன் பின்னும் லியனார்டோவின் கையெழுதிய வர்ணத்தில் ஒரு பகுதியே எஞ்சியிருக்கக் காண்கிறோம். அத்தகைய மேதைக்கே தளம் இணங்காவிடின் இக்கதி நேருமாயின், ஏனையோரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

இனி நம் காலத்திற்கு வருவோம். மரம், மண், சுதை, கல் ஆகியவற்றால் உருவஞ் செய்த காலம் முற்றும் போய்விடவில்லை. மயிலாடியிலே கல்லுளியின் ஓசை இன்றும் கேட்கிறது. ஆயினும் புதிதாக ஒரு பொருள் நம் வீடுகளிலும், ஆலயங்களிலும், கடற்கரையிலும் புகுந்து நிலைபெற்றுவிட்டது. அதுவே ரெசின் என்னும் செயற்கைப் பிசின். அச்சிலே ஊற்றினால் இறுகி உருவமாகிறது; கண்ணாடி நாரோடு சேர்த்தால் பைபர் என்னும் பெயர் பெறுகிறது. குளச்சல், முட்டம் முதலிய கரைகளிலே ஏறிக்கிடக்கும் பைபர் வள்ளங்கள் இப்பொருளால் ஆனவை. கிறிஸ்துமஸ் காலத்திலே ஊர்தோறும் வாலிபர் கூடி அமைக்கும் குடில்களில் வைக்கும் சுரூபங்களும், நவராத்திரிக் கொலுவிலே வைக்கும் பொம்மைகளும் இக்காலத்தில் பெரிதும் இவ்வாறு வார்க்கப்பட்டே வருகின்றன. விரலளவான சின்னஞ்சிறு உருவங்களை வார்த்தெடுத்து வர்ணந் தீட்டுவதை மாணவர் சிலர் பொழுதுபோக்காகக் கைக்கொண்டிருப்பதும், முப்பரிமாண அச்சு இயந்திரத்தால் வீட்டிலேயே உருவஞ் செய்வாரும் தோன்றியிருப்பதும் மகிழ்ச்சிக்குரியன.

பிசினால் உருவஞ் செய்வது நம் நாட்டிற்கு முற்றிலும் புதிதன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் பள்ளிகொண்டிருக்கும் 22 அடி நீளமுள்ள மூலவர் திருவுருவம் 16,008 சாளக்கிராமங்களை உள்ளடக்கிக் கடுசர்க்கரை யோகத்தால் அமைந்தது என்பர். கடுசர்க்கரை என்பது மண், மணல், சுண்ணாம்பு, மரப்பிசின், குங்கிலியம், மூலிகைச் சாறு முதலிய பல பொருள்களை முறைப்படி அரைத்துச் சேர்த்த கலவையாம். இம்முறையில் மரத்தால் எலும்புபோலச் சட்டம் அமைத்து, தேங்காய் நார்க் கயிற்றை நரம்புபோலச் சுற்றி, அதன்மேல் கலவையைப் படைபடையாக இட்டு உருவத்தை நிறைப்பர். ஒவ்வொரு படையும் உலரும்வரை காத்திருந்து, இறுதியாக மேற்பூச்சும் வர்ணமும் சேர்ப்பர். நாலு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளிக்குப் பின்னர் 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அக்கோயிலிலே கும்பாபிஷேகம் நடைபெற்றது. இப்பழைய பிசினுக்கும் இன்றைய ரெசினுக்கும் ரஸாயனத்திலே பெரும் வேற்றுமை உண்டு. முன்னையது வர்ணத்தை ஏற்கும்படியாகவே படைபடையாக வளர்க்கப்பட்டது. பின்னையது அச்சிலிருந்து ஒரே நாளில் முழு உருவமாக வெளிவருகிறது. வர்ணத்தை ஏற்பதற்கு அது இன்னும் ஆயத்தமாகவில்லை. இவ்வேற்றுமையை அறியாமல், வெளிவந்த உருவத்தின்மேல் உடனே வர்ணத்தை அள்ளிப் பூசுவதே நாம் செய்யும் தவறு.

ரெசின் வர்ணத்தை மறுப்பதற்கு மூன்று காரணங்கள் உள. ஒன்று, அச்சிலிருந்து உருவம் ஒட்டாமல் கழன்று வரும்பொருட்டு அச்சின் உட்புறத்தில் தடவும் மெழுகோ எண்ணெயோ உருவத்தின்மேல் படிந்திருக்கும். கண்ணுக்குத் தோன்றாத அப்படலத்தின்மேல் பூசிய வர்ணம் படலத்தைப் பற்றுமேயன்றி உருவத்தைப் பற்றாது. இரண்டு, ரெசினுக்குச் சுண்ணாம்புபோல் நுண்துளைகள் இல்லை. அது எதனையும் குடிப்பதில்லை. மூன்று, அதன் மேற்பரப்பு வழவழப்பானது. நீர் கலந்த வர்ணத்தை அதன்மேல் இட்டால், சேம்பிலையின்மேல் விழுந்த தண்ணீர்போல் பரவாமல் திரண்டு நிற்கும். பரவாத வர்ணம் பற்றாது. பற்றாதது காய்ந்தபின் நகம் பட்டாலே தோலாக உரியும். பாலகனுடைய முகத்தில் ஒரு கன்னமும், மேய்ப்பனுடைய மூக்கும் வர்ணமிழந்து நிற்கும் சுரூபங்களை நாம் எத்தனை குடில்களிலே கண்டிருக்கிறோம்! கண்டதும் வர்ணக் கம்பெனியைப் பழிக்கிறோம், அல்லது மழையைப் பழிக்கிறோம். பழி தளத்தையே சாரும்.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. முதலாவது, உருவத்தை வெளிச்சத்திலே திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டும். அச்சின் இருபாதியும் கூடிய இடத்தில் எழுந்த வரம்பையும், ஓரங்களில் பிதுங்கி நிற்கும் பிசிறையும் கூரிய கத்தியால் மெல்லச் செதுக்கவேண்டும். காற்றுக் குமிழியால் ஏற்பட்ட குழிகளுக்குப் பட்டி இட்டு நிரப்பவேண்டும். இரண்டாவது, பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவவேண்டும். கொதிநீர் ஆகாது, மெல்லிய கைகளும் கோல்களும் சூட்டிலே வளைந்துவிடும். கழுவியபின் நல்ல நீரில் அலசி ஒருநாள் உலர விடுக. ஒளியால் இறுகும் ரெசினை இயந்திரத்தில் அச்சிட்டெடுத்ததாயின், இதற்கு முன்பே அதற்குரிய ஆல்கஹாலில் கழுவி, உலர்ந்தபின் வெயிலிலோ அதற்கான விளக்கொளியிலோ முற்றும் இறுகச் செய்யவேண்டும். பிசுபிசுப்பு நீங்காத ரெசினின்மேல் எந்தப் பூச்சும் நில்லாது; அதைக் கையுறையின்றித் தொடுவதும் தோலுக்குத் தீங்காம்.

மூன்றாவது, மேற்பரப்பின் வழவழப்பைப் போக்கவேண்டும். நீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் என்னும் நேர்த்தியான உப்புத்தாள் 400, 600 என்னும் எண்களிலே கடைகளில் கிடைக்கும். அதனால் இலேசாகத் தேய்த்தால் கண்ணுக்குப் புலனாகாத கீறல்கள் உண்டாகும். சுண்ணாம்புக்கு இயற்கை அளித்த துளைகளின் ஸ்தானத்தில் ரெசினுக்கு நாம் அளிக்கும் பிடிமானம் இதுவே. உலர்ந்த நிலையில் தேய்ப்பது கூடாது. ரெசின் தூள் சுவாசப்பைக்குக் கேடு செய்யும். நனைத்துத் தேய்ப்பதோடு மூக்கையும் வாயையும் மறைக்கும் கவசமும் அணிக. தேய்த்தபின் மறுபடியும் கழுவி உலர்த்தவேண்டும். அதன்பின் உருவத்தை வெறுங்கையால் தடவலாகாது. விரலிலுள்ள எண்ணெய்ப் பசையும் வர்ணத்திற்குப் பகையே. ஒரு கட்டையின் தலையில் உருவத்தை நிறுத்தி, கட்டையைப் பிடித்துக்கொண்டே மேல்வேலைகளைச் செய்வது நன்று.

நான்காவதாக வருவதே பிரைமர் என்னும் அடிப்பூச்சு. ரெசினையும் வர்ணத்தையும் சேர்த்துப் பிடிக்கும் இடைநிலைப் பொருள் அது. எந்தப் பொருளுக்கு உரியதென டப்பாவின்மேல் எழுதியிருக்கிறதோ அதற்கே அதனைப் பயன்படுத்த வேண்டும். சுவருக்கென விற்கும் அடிப்பூச்சை ரெசினுக்கு இடுவதனால் பயனில்லை. பீச்சும் டப்பாவாயின், முன்னதாக நன்றாய்க் குலுக்கி, சுமார் 20 அல்லது 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, கையை ஓரிடத்தில் நிறுத்தாது வீசி, மெல்லிய பூச்சாக இடவேண்டும். ஒரே தடவையில் மூடிவிட நினைத்தால், கண்ணின் இமையும் ஆடையின் மடிப்பும் பூச்சிலே மூழ்கிப்போம். மெல்லிய பூச்சு இரண்டு மூன்று இடுவதே சிறந்தது. சாம்பல்நிற அடிப்பூச்சு இட்டால், முன்பு கண்ணுக்குத் தப்பிய கீறலும் குழியும் வெளிப்படும். அவற்றைத் திருத்தி மீண்டும் பூசலாம். ஒளிமிக்க வர்ணங்கள் வேண்டுவோர் வெள்ளையையும், நிழலின் ஆழம் வேண்டுவோர் கறுப்பையும் கொள்ளுவர். பூசியதை ஒருநாள் ஆறவிட்டபின், புலப்படாத ஓரிடத்தில் ஒட்டும் நாடா ஒன்றை அழுத்தி ஒட்டிச் சடக்கென உரித்துப் பாருங்கள். நாடாவோடு பூச்சு வருமாயின், வர்ணத்தைத் திறக்கும் முன் மறுபடியும் கழுவுதலில் தொடங்குக. தொழிற்சாலைகளிலே கத்தியால் கட்டங்கட்டமாகக் கீறி இவ்வாறே சோதிப்பது உலகெங்கும் வழக்கம்.

இவ்வேலைகளுக்குரிய காலம் எது என்பது நம் ஜில்லாவிலே முக்கியமான கேள்வி. காற்றிலே ஈரம் மிகுந்திருக்கும்போது பீச்சிய பூச்சு வெளுத்தும் மங்கியும் போகும். கடுவெயிலிலும் பெருங்காற்றிலும் பீச்சினால், துளிகள் உருவத்தை அடையுமுன்னே காய்ந்து மணல்போல் சொரசொரப்பாக விழும். நாமோ குடில் வேலையைக் கார்த்திகை கடைசியிலும் மார்கழித் தொடக்கத்திலும், வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓயாத நாட்களிலே, இரவோடிரவாகச் செய்கிறோம்! கழுவியது உலர்வதற்குள் பூச்சு, பூச்சு உலர்வதற்குள் வர்ணம், வர்ணம் உலர்வதற்குள் வைக்கோல் பரப்பி மின்விளக்கு ஏற்றியாகிவிடும். ஆகவே நான் சொல்லும் யோசனை இது: கோடை விடுமுறையிலே தளத்தைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள், கிறிஸ்துமஸ் விடுமுறையிலே வர்ணந் தீட்டுங்கள். இடையிலே உருவங்களைத் தூசிபடாமல் துணியால் மூடிவைத்து, எடுக்கும்போது மிக இலேசாகத் தேய்த்துத் துடைத்துக்கொண்டால் போதும். கொலு வைப்பாரும் இவ்வாறே பங்குனி சித்திரையில் ஆயத்தஞ் செய்து புரட்டாசியில் தீட்டலாம்.

சுரூபமும் பொம்மையும் சிறு விஷயங்களன்றோ, அவற்றிற்கு இத்தனை நீண்ட பிரசங்கமா என்று வினவுவார் இருக்கலாம். சிறிய உருவத்திலே கற்ற பாடம் பெரிய காரியங்களிலே பயன்படும். கடலோரத்தார் தம் வள்ளங்களுக்குப் புதுவர்ணம் பூசும்போதும் இதே விதி செல்லும்: மெழுகையும் உப்பையும் கழுவாமல், தேய்க்காமல் பூசிய வர்ணம் ஒரு பருவத்து அலைக்கே உரிந்துபோம். பூசியவரின் பணமும், கடலுக்குச் செல்லாது கரையில் இருந்த நாட்களின் வருமானமும் வீணாம். இங்கே நஷ்டம் அழகுக்கு மட்டுமன்று. அன்றாட உழைப்பாளியின் உணவுக்குமாம்.

இதற்கு நேர்மாறான பிழையும் ஒன்றுண்டு. அதனையே நான் இன்னும் அதிகமாக அஞ்சுகிறேன். ரெசினுக்கு அடிப்பூச்சு வேண்டும் என்பதைக் கேட்டு, எல்லாப் பொருளுக்கும் ஒரே டப்பா என எண்ணிவிடலாகாது. கோபுரங்களிலுள்ள சுதைச் சிற்பங்களும், பழைய தேவாலயங்களின் சுண்ணாம்புச் சுவர்களும் மூச்சுவிடும் பொருள்கள். மழைநீர் அவற்றினுள்ளே புகுவதும், வெயிலிலே ஆவியாய் வெளியேறுவதும் இயல்பு. அவற்றின்மேல் பளபளக்கும் எனாமல் வர்ணத்தை அடைத்துப் பூசினால் உள்ளே புகுந்த ஈரம் வெளிவர வழியின்றிக் கொப்புளமாய் எழும்பி, உரியும்போது சுண்ணாம்பையும் பெயர்த்துக்கொண்டு வரும். சுண்ணாம்பின் காரம் எண்ணெய் வர்ணத்தைச் சோப்புப்போலக் கரைத்துவிடுவதும் உண்டு. இவ்வாறு உரிந்ததன்மேல் மறுபடி எனாமல், அதன்மேல் மறுபடி என்று பூசிவந்தால், சிற்பி செதுக்கிய மூக்கும் விரலும் தடித்து மழுங்கி, முகமே மாறிப்போகும். சுசீந்திரத்து ஏழுநிலைக் கோபுரத்தைப் போன்ற செல்வங்களை உடைய நாடு இது. கோயிலாயினும் தேவாலயமாயினும், திருப்பணி செய்வோர் வர்ணப் பட்டியலைப் பார்க்குமுன் அடியிலிருக்கும் பொருள் சுண்ணாம்பா, சிமெண்டா, பைபரா என்று விசாரித்து, அதற்கேற்ற தளத்தை இடவேண்டும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே உறவு.

இனி நம்மவர் சொல்லும் ஆட்சேபங்களைப் பார்ப்போம். "இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பர். ஒருமுறை ஒழுங்காகச் செய்வதற்கு ஆகும் நாட்கள், வருஷந்தோறும் உரித்து மறுபடி பூசும் நாட்களைவிடக் குறைவே. "அடிப்பூச்சும் வர்ணமும் ஒன்றாகவே சேர்ந்த டப்பா இப்போது கிடைக்கிறதே" என்பர். கிடைக்கலாம், ஆயின் எந்த டப்பாவும் மெழுகைத் தானே கழுவிக்கொள்ளாது. "வருஷந்தோறும் புதிதாய்ப் பூசுவதும் ஒரு பண்டிகை மகிழ்ச்சிதானே, பூசுவாருக்குக் கூலியும் கிடைக்கிறதே" என்பர் சிலர். இந்த ஆட்சேபத்திலே நியாயம் இருக்கிறது. நானும் அதனை மதிக்கிறேன். பிள்ளைகள் கூடியிருந்து சுரூபத்திற்கு வர்ணந் தீட்டும் இன்பத்தை யாரும் பறிக்கவேண்டாம். நல்ல தளத்தின்மேல் வருஷந்தோறும் ஆடையின் நிறத்தை மாற்றுவது வேறு. தளமின்மையால் உரிந்த முகத்தை வருஷந்தோறும் மூடுவது வேறு. கூலியைப் பற்றியும் அவ்வாறே. தளத்திற்கும் கூலி கொடுத்தால் தொழிலாளிக்கு வேலை குறையாது. வேலையின் மதிப்பு உயரும்.

உண்மையில் இவ்விஷயத்தின் வேர் கூலியிலேதான் இருக்கிறது. வர்ணம் பூசும் தொழிலாளி பலருக்குத் தளத்தின் அருமை தெரியாமலில்லை. "தேய்த்துக் கழுவ இரண்டு நாள் ஆகும்" என்று அவர் சொன்னால், "அதெல்லாம் வேண்டாம், திருவிழா நெருங்கிவிட்டது, பூசிவிடும்" என்று சொல்பவர் நாமே. கண்ணில்படாத வேலைக்குப் பணங் கொடுப்பது நமக்குக் கசப்பாக இருக்கிறது. இரண்டு நாளைக்குக் கூலி கொடாதவர் அவ்விரண்டு நாள் வேலையை எதிர்பார்க்கலாகாது. ஆகவே, வீடாயினும், ஆலயமாயினும், வள்ளமாயினும், வேலை பேசும்போதே கழுவுதல், தேய்த்தல், பட்டி பார்த்தல், அடிப்பூச்சு ஆகியவற்றிற்கு வேறாகவும் வர்ணத்திற்கு வேறாகவும் நாட்களையும் கூலியையும் எழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே ஏற்படவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவ்வழக்கம் வந்தால், அறிந்த தொழிலாளி தாம் அறிந்ததைச் செய்வார். இளைஞரும் அவரிடமிருந்து கற்பர். வாராவிடில், ஒரு தலைமுறை கழிந்தபின் கேட்பாரும் இரார், சொல்வாரும் இரார்.

நம் கல்லூரியும் இதிலே செய்யத்தக்க கடமை ஒன்று உண்டு. ரஸாயன வகுப்பிலே சுண்ணாம்பையும் பிசினையும் பற்றிப் படிக்கிறோம். சரித்திர வகுப்பிலே பத்மநாபபுரத்தைப் பற்றிப் படிக்கிறோம். கிறிஸ்துமஸ் விழாவிற்குக் குடில் கட்டுகிறோம். இம்மூன்றும் ஒன்றையொன்று அறியாமலே தனித்தனியே நடக்கின்றன. வேனிற்காலத்திலே ஒரு வாரம், அநுபவமிக்க வர்ணத் தொழிலாளி ஒருவரையும் சுதை வேலை அறிந்தவர் ஒருவரையும் தக்க சன்மானத்துடன் வரவழைத்து, ரஸாயன ஆசிரியர் அருகிருந்து காரணம் விளக்க, மாணவர் தம் கையாலேயே சுண்ணாம்பு குழைத்தும், ரெசின் தேய்த்தும், நாடா ஒட்டிச் சோதித்தும் பழகுவார்களாயின், அவ்வொரு வாரத்தின் பயன் பல ஆண்டு நிற்கும். ஒரே உருவத்தை நாலு அச்செடுத்து, ஒன்றைக் கழுவாமலும், ஒன்றைக் கழுவி மட்டும், ஒன்றைக் கழுவித் தேய்த்தும், ஒன்றை யாவும் செய்து அடிப்பூச்சிட்டும், நாலிற்கும் ஒரே வர்ணம் தீட்டி நூல்நிலைய வாயிலில் ஒரு வருஷம் வைத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு இம்மலரிலே அதன் பலனை மாணவர் ஒருவர் எழுதினால், நான் எழுதியதைவிட அது மேலான கட்டுரையாகும்.

மாணவ நண்பர்களே! மணலின்மேல் வீடு கட்டினவனைப் பற்றியும் கன்மலையின்மேல் கட்டினவனைப் பற்றியும் நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். மழை சொரிந்து காற்றடிக்கும் வரையில் அவ்விரு வீடுகளும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரேவிதமாகத்தான் இருந்திருக்கும். தளமுள்ள சித்திரமும் தளமில்லாத சித்திரமும் முதல்நாளிலே அவ்வாறே. இனி உங்கள் ஊரிலே ஆலயத் திருப்பணியோ, வீட்டு வேலையோ, குடில் வேலையோ நடக்கும்போது, என்ன நிறம் என்று கேட்பதற்கு முன்னே, வர்ணம் தொடுவதற்கு முன் எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள். அந்த நாட்களுக்குரிய கூலியையும் மறவாமல் எண்ணிக் கொடுங்கள்.